ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்கிறதா? மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆக்சிலேட்டர் பிடியை எவ்வளவு திருகியிருந்தாலும், கையை எடுத்த கணத்தில் அது தானாகச் சுழன்று ‘டக்’கென்ற ஓசையுடன் மூடிய நிலைக்கு வந்துவிட வேண்டும். பாதியில் நின்றுவிடுவது, மெதுவாக ஊர்ந்து வருவது, கையால் திருப்பினால்தான் மூடிக்கொள்வது ஆகிய மூன்றும் ஒரே கோளாறின் வெவ்வேறு கட்டங்கள். இந்தக் கோளாறு வந்தவுடன் பெரும்பாலானோர் முதலில் தேடுவது எண்ணெய்ப் புட்டியைத்தான். எங்கே சிக்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடப்படும் எண்ணெய், கோளாறைச் சில நாட்கள் மறைத்துவைத்துவிட்டு, பிறகு ஓடும் வண்டியில் வெளிப்படுத்தும். அதனால் இங்கே, பழுது நீக்கும் முறையைக் காட்டிலும் பழுதைக் கண்டறியும் முறையே விரிவாகச் சொல்லப்படுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கிளட்ச் லீவரை முழுவதுமாக இழுத்துப் பிடிப்பதும், வலக்கைக் கட்டைவிரலால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கிளட்ச் இழுபட்டதும் இன்ஜினின் விசை பின்சக்கரத்துக்குப் போவது நின்றுவிடும். சுமை நீங்கிய இன்ஜின் அலறத் தொடங்கும். அந்த ஓசையைக் கேட்டுப் பதறிப் போய்க் கிளட்சை விட்டுவிடுவதுதான் இத்தகைய நேரத்தில் நிகழக்கூடிய மிகப் பெரிய ஆபத்து, ஏனெனில் உச்ச வேகத்தில் சுழலும் இன்ஜின் அப்போது ஒரே இழுப்பில் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். இன்ஜின் எவ்வளவு அலறினாலும் கிளட்சை விடாமல், கில் சுவிட்சை அணைத்து, இரு பிரேக்குகளையும் சீராக அழுத்தி, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். முன்னால் போதிய இடைவெளி இருந்தால் பிடியை ஓரிரு முறை முன்னும் பின்னும் வேகமாகத் திருகிப் பார்க்கலாம். குனிந்து கேபிளைப் பார்ப்பதும், கார்புரேட்டரை நோக்கிக் கையை நீட்டுவதும் ஓடும் வண்டியில் செய்யவே கூடாதவை.

கிளட்ச் லீவர் இல்லாத ஸ்கூட்டர்களில் கில் சுவிட்ச்தான் முதல் துணை. அதுவும் இல்லாத வண்டியில் சாவியை அணைக்கும் நிலைக்கு மட்டும் திருப்ப வேண்டும்; அதைத் தாண்டி ஹேண்டில் பூட்டும் நிலைக்குப் போய்விடக் கூடாது. சாவியை அணைத்தால் முகப்பு விளக்கும் சேர்ந்து அணையும் என்பதை இரவில் ஓட்டுபவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கில் சுவிட்ச் எந்தப் பக்கம் அழுந்தும் என்று பார்க்காமலேயே கட்டைவிரல் அங்கே போய்ச் சேரும்படி, நின்றிருக்கும் வண்டியில் பலமுறை பழகிக்கொள்வது நல்லது.

கையால் திருப்பினால் மூடிக்கொள்கிறது. அப்படியே சமாளித்து ஓட்டலாமா?

கூடாது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது வலக்கை விரல்கள் பிரேக் லீவரை நோக்கி நீள்கின்றன. பிடியைத் திருப்பி மூடுவதற்கு அப்போது கையில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. தானாக மூடிக்கொள்ளும் ஆற்றலே அந்தப் பிடியின் பாதுகாப்பு. அது போன வண்டியைப் பழுது நீங்கும் வரை நிறுத்திவைப்பதே முறை.

பிடி சரியாக மூடிக்கொள்கிறது, ஆனால் இன்ஜின் வேகம் இறங்க மறுக்கிறது. இதுவும் அதே கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, பிடியைக் கால், அரை, முழு அளவுகளில் திருகி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டக்கென்று மூடிக்கொண்டால் பிடியும் கேபிளும் நன்றாக இருப்பதற்கான வாய்ப்பே அதிகம். அதன் பிறகும் வண்டி ரேஸ் ஆகி நின்றால், இன்ஜினுக்குள் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது அல்லது ஐடில் (பிடியைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு, அதன் கிளிப் தளர்ந்திருப்பது, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக் முழுவதும் விலக்கப்படாமல் இருப்பது, கலவையில் பெட்ரோல் குறைந்திருப்பது ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள்.

ரப்பர் குழாயைச் சோதிக்க, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது தெளிப்பான் மூலம் சாதாரணத் தண்ணீரை அதன் மீது மெல்லிய தூவலாக அடித்துப் பார்க்கலாம். இன்ஜின் ஓசை அந்தக் கணத்தில் தடுமாறினால் கசிவு அங்கேதான் இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. சூடான இன்ஜின் மீது தீப்பற்றும் திரவத்தைத் தெளிக்கும் அந்த முறையை இங்கே பரிந்துரைக்க இயலாது.

எங்கே சிக்குகிறது என்பதை எப்படி உறுதியாகக் கண்டுபிடிப்பது?

உங்கள் மணிக்கட்டின் அசைவு மூன்று பகுதிகளைக் கடந்து இன்ஜினை அடைகிறது. மேலே ஹேண்டில்பாரைச் சுற்றிச் சுழலும் பிளாஸ்டிக் குழல், நடுவே கேபிள், கீழே கார்புரேட்டர் அல்லது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், திராட்டில் பாடி. மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டுத் தனித்தனியே அசைத்துப் பார்ப்பதைத் தவிர உறுதியான வழி வேறில்லை.

முதலில் இன்ஜினை அணைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராகவும் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் வைத்துப் பிடியைத் திருகி விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் சிக்கினால் கேபிள் போகும் பாதையில்தான் தவறு இருக்கிறது. எல்லா நிலையிலும் சிக்கினால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

கேபிள் ஒரு கப்பியைச் சுழற்ற, காற்று வழியிலுள்ள தகட்டு வால்வு திறந்து மூடும் பட்டர்ஃபிளை வகை என்றால், கார்புரேட்டர் பக்கம் கேபிளின் லாக் நட்டைத் தளர்த்தி, கப்பியின் பள்ளத்திலிருந்து கம்பியின் முனைக்குமிழைக் கழற்றுங்கள். இப்போது கப்பியை விரலால் முழுவதும் திறந்து விடுங்கள். அது வேகமாகத் திரும்பி நிறுத்தத் திருகில் மோதினால் கீழ்ப்பகுதி நன்றாக இருக்கிறது. சோம்பலாகத் திரும்பினால் கோளாறு அங்கேயே உள்ளது, மேலே எதையும் தொடத் தேவையில்லை. காற்று வழியில் மேலும் கீழும் ஓடி அதைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கேபிள் நேரடியாகத் தூக்கும் வகையில், கீழ்முனையைக் கழற்றுவதைவிடப் பிடியின் பக்கமிருந்து தொடங்குவது எளிது.

பிடியின் பக்கம், சுவிட்ச் பெட்டியின் ஸ்குரூக்களைக் கழற்றி இரு பாதிகளையும் பிரித்து, பிளாஸ்டிக் குழலின் விளிம்பிலிருந்து கம்பியின் முனைக்குமிழை எடுத்துவிடுங்கள். கம்பி இல்லாத குழல் ஹேண்டில்பாரின் மீது எந்தத் தடையும் இன்றிச் சுழல வேண்டும். அது சுழன்றால் மீதி இருப்பது கேபிள்தான். உள்கம்பியின் ஒரு முனையை விரல்களுக்கு இடையே பிடித்து மெதுவாக இழுத்துத் தள்ளுங்கள். நல்ல கம்பி எவ்வித ஓசையும் இன்றி வழுக்கி வரும். பழுதான கம்பியில் நொறநொறவென்று அரைபடும் உணர்வு விரல் நுனியில் தெளிவாகத் தெரியும், அல்லது குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் தட்டி நிற்கும். அந்தத் தட்டுதல் எப்போதும் ஒரே இடத்தில் வந்தால், அறுந்த இழை ஒன்று உள்ளே மாட்டுகிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

கோளாறு பிடியில்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

வண்டி அண்மையில் வலப்பக்கம் விழுந்திருந்தால் பிடியின் வெளிமுனையை முதலில் பாருங்கள். முனையில் பொருத்தப்பட்டிருக்கும் எடைக்கட்டை விழுந்த அதிர்ச்சியில் உள்ளே தள்ளப்பட்டு, ரப்பர் பிடியோடு உரசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். எடைக்கட்டை இல்லாத வண்டிகளில் ஹேண்டில்பார் குழாயின் வாயே நசுங்கி விரிந்திருக்கலாம். அந்தப் பிசிறை மெல்லிய அரத்தால் தேய்த்து எடுத்தால் போதும். ஹேண்டில்பாரே வளைந்திருந்தால் அதை மாற்றுவதுதான் தீர்வு.

விழாத வண்டி என்றால், ரப்பர் பிடி உட்பக்கமாக நகர்ந்து சுவிட்ச் பெட்டியின் மீது அழுந்துகிறதா என்று பாருங்கள். பிடிக்கு மேல் மாட்டப்படும் உறைகளும், சூடேற்றும் பிடிகளின் கனத்த விளிம்புகளும் இதையே செய்யும். சுவிட்ச் பெட்டியின் ஸ்குரூக்களை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் குழல் நடுவே கவ்வப்பட்டு இறுகும். ஸ்குரூக்களை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் பிடி விடுபட்டால் காரணம் அதுவே. புதிய ரப்பர் பிடியை ஒட்டும்போது பசை குழலுக்குள் வழிந்துவிடுவதும் உண்டு.

குழலை முழுவதும் கழற்றி எடுத்தபின், ஹேண்டில்பாரின் பரப்பை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். உரசும் இடத்தில் உலோகம் மட்டும் பளபளவென்று தேய்ந்த ஒரு தடம் இருக்கும். அதற்கு நேரே குழலின் உட்புறத்திலும் அதே போன்ற கோடு காணப்படும். அந்த இடத்தைத் தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, துரு இருந்தால் நீக்கி, சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பின் பொருத்த வேண்டும். குழலின் விளிம்பு வெடித்திருந்தால் ஒட்டுவேலை செய்யாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

சில பழைய வண்டிகளில் பிடியை ஒரே நிலையில் நிறுத்திவைக்கும் உராய்வுத் திருகு ஒன்று பெட்டியின் அடியில் இருக்கும். நெடும்பயணத்துக்கென்று தனியாக வாங்கி மாட்டப்படும் பூட்டுக் கருவிகளும் அதே வேலையைச் செய்பவை. இவை இறுகியிருப்பதைப் பழுது என்று எண்ணி மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆகவே அவற்றை முதலிலேயே பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குழலுக்குள் கிரீஸ் தடவலாமா?

வேண்டாம். கிரீஸ் தூசியைப் பிடித்துவைத்து, சில மாதங்களில் அரைக்கும் களிம்பாக மாறிவிடும். சுத்தமான பிளாஸ்டிக் குழல் சுத்தமான உலோகத்தின் மீது உலர்வாகவே நன்றாகச் சுழலும். ஏதேனும் தடவியே ஆக வேண்டும் என்றால் உலர்ந்து படியும் டெஃப்லான் அல்லது சிலிக்கோன் தெளிப்பு போதுமானது. கம்பியின் முனைக்குமிழ் உட்காரும் பள்ளத்தில் மட்டும் ஒரு துளி கிரீஸ் வைப்பது சரி, ஏனெனில் குமிழ் அங்கே சுழல வேண்டும். சுழலாவிட்டால் கம்பி ஒவ்வொரு திருகலிலும் வளைந்து, குமிழின் கழுத்தில் இழை இழையாக அறும்.

கேபிள் ஏன் இறுகிப்போகிறது?

மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்த உள்கம்பி ஒன்று, சுருளாகச் சுற்றப்பட்ட எஃகாலான வெளியுறைக்குள் ஓடுகிறது. வெளியுறையின் மேல் பிளாஸ்டிக் போர்வையும், பெரும்பாலான கேபிள்களில் உள்ளே நைலான் அல்லது டெஃப்லான் குழலும் இருக்கும். மேல்முனையிலுள்ள ரப்பர் மூடி கிழிந்திருந்தாலோ, வண்டியைக் கழுவும்போது அழுத்தமான தண்ணீரை அங்கே நேராகப் பீய்ச்சினாலோ, தண்ணீர் கம்பியின் வழியே இறங்கித் தாழ்ந்த வளைவில் தேங்கித் துருவாகிவிடும். மேலே பார்த்தால் கம்பி புதிதுபோல் இருக்கும். கோளாறு கண்ணுக்குத் தெரியாத நடுப்பகுதியில் இருக்கும்.

அடுத்த காரணம் பாதை. பெட்ரோல் டாங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கிய கேபிள், கூர்மையாக மடிந்த கேபிள், மின்கம்பிகளோடு சேர்த்து இறுகக் கட்டப்பட்ட கேபிள், சைலன்சரின் சூட்டில் போர்வை உருகிய கேபிள் ஆகிய எதுவும் எண்ணெய் விட்டுச் சரியாகப் போவதில்லை. நசுங்கலும் மடிப்பும் உள்ளிருக்கும் குழலைக் கிழித்துவிட்டால், கம்பி அந்தக் கிழிசலில் உரசியபடியே இருக்கும்.

இழை அறுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. வெளியுறை முடிந்து உள்கம்பி வெளியே வரும் வாயிலில் நல்ல வெளிச்சம் வைத்துப் பாருங்கள். ஒரே ஓர் இழை அறுந்து கொக்கியைப் போல வெளியே வளைந்து நிற்கும். ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது அது உறைக்குள்ளிருந்து வெளியே வரும். மூடும்போது உறையின் வாயில் குத்தி நிற்கும். அந்த இழையை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. ஓர் இழை அறுந்த இடத்தில் அடுத்தவையும் தேய்ந்திருக்கும், கேபிளை மாற்றியாக வேண்டும்.

கேபிளுக்கு எண்ணெய் விடுவது எப்படி, எந்த எண்ணெய் ஏற்றது?

கேபிள் இழை அறாமலும் மடியாமலும் இருந்து, சற்றே இறுகியிருந்தால் மட்டும் இந்த வேலைக்குப் பயன் உண்டு. டெஃப்லான் குழல் கொண்ட சில கேபிள்களுக்கு எண்ணெயே தேவையில்லை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள்; ஆகவே வண்டியின் கையேட்டை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் கேபிளுக்கென்றே விற்கப்படும் மெல்லிய எண்ணெய் ஏற்றது. செயினுக்குப் பயன்படும் பிசுபிசுப்பான தெளிப்பும் கெட்டியான கிரீஸும் கம்பியை மேலும் சோம்பலாக்கும். டபிள்யூடி-40 போன்ற தெளிப்புகள் ஈரத்தையும் அழுக்கையும் வெளியேற்ற உதவும், ஆனால் அவற்றின் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் நிலைத்த மசகாக அவற்றை நம்பக் கூடாது. அழுக்கை நீக்கிய பிறகு மெல்லிய எண்ணெயைத் தனியே விட வேண்டும்.

கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, மேல்முனையைச் சுற்றி ஒரு சிறிய பாலித்தீன் பையின் வெட்டிய மூலையை இறுகக் கட்டி, அதில் சிறிது எண்ணெய் ஊற்றி, கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு இரவு முழுவதும் விட்டுவிடலாம். இடையிடையே உள்கம்பியை மேலும் கீழும் அசைத்தால் எண்ணெய் விரைவாக இறங்கும். கீழ்முனையில் முதலில் சொட்டுவது பழுப்பு நிறத் துருவோடு கலந்ததாக இருக்கும். தெளிந்த எண்ணெய் வரும்வரை தொடர வேண்டும். பிறகு இரு முனைகளையும் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். அழுத்தி எண்ணெய் செலுத்தும் கவ்வுக் கருவி இருந்தால் இதே வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எப்படிச் செய்தாலும், எண்ணெய் பிரேக் டிஸ்க்கின் மீதோ டயரின் மீதோ வழியாதபடி அடியில் துணி விரித்திருக்க வேண்டும்.

கேபிளில் தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும்? அதை எப்படிச் சரிசெய்வது?

மெக்கானிக்குகள் ‘பிளே’ என்று சொல்லும் இந்தத் தளர்வு, பிடியைத் திருகத் தொடங்கியதிலிருந்து கம்பி இறுகும் வரை பிடியின் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்பதைக் குறிக்கிறது. பல வண்டிகளில் இது 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்க்க வேண்டும். தளர்வு அறவே இல்லாவிட்டால், பிடி மூடியிருப்பதாகத் தோன்றினாலும் கம்பி வால்வைச் சற்றே திறந்தபடி இழுத்துக்கொண்டிருக்கும். ஐடிலைக் குறைக்க ஐடில் ஸ்குரூவைத் திருகித் திருகிப் பார்த்தும் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்பவர்களின் வண்டிகளில் காரணம் பலமுறை இதுவாகவே இருக்கும்.

ஒற்றைக் கேபிள் என்றால், லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி அளவைக் கொண்டுவந்து, மீண்டும் லாக் நட்டை இறுக்கினால் முடிந்தது. இரண்டு கேபிள்கள் உள்ள வண்டிகளில் ஒன்று வால்வைத் திறக்க இழுப்பது, மற்றொன்று மூட இழுப்பது. முதலில் இரண்டு அட்ஜஸ்டர்களையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, பிடியை மூடிய நிலையில் வைத்து, மூடும் கேபிளின் தொய்வு நீங்கும் வரை மட்டும் அதைச் சரிசெய்து பூட்டுங்கள். அதன்பின் திறக்கும் கேபிளின் அட்ஜஸ்டரால் பிடியில் உரிய தளர்வைக் கொண்டுவாருங்கள். சில தயாரிப்பாளர்கள் வேறு வரிசையைச் சொல்வதுண்டு. அங்கே கையேடு சொல்வதே சரி. இரண்டையும் விறைப்பாக வைத்துவிட்டால் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, புதுக் கேபிளிலும் பிடியை இறுகச் செய்யும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் வண்டி ரேஸ் ஆகிறது. ஏன்?

ஹேண்டில் திரும்பும்போது கேபிளின் வெளியுறை எங்கோ இழுபடுகிறது. உறை இழுபடுவது கம்பியை இழுப்பதற்குச் சமம். தளர்வு குறைவாக இருப்பது, கேபிள் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தவறான பக்கமாகப் போயிருப்பது, உயரமான ஹேண்டில்பார் மாட்டியதால் பழைய கேபிள் நீளம் போதாமல் போனது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். குறுகலான திருப்பத்தில் மெதுவாகப் போகும்போது வண்டி தானாக வேகமெடுக்கும் என்பதால் இதைச் சிறிய குறை என்று தள்ளிவிடலாகாது.

புதிய கேபிள் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய கேபிளைக் கழற்றும் முன் அது போகும் பாதையைப் பல கோணங்களில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேபிளின் முனையில் ஓர் உறுதியான நூலைக் கட்டி இழுத்து எடுத்தால், நூல் அதே பாதையில் தங்கிவிடும். புதிய கேபிளை அந்த நூலில் கட்டி மறுபக்கம் இழுத்தால் பாதை தவறவே தவறாது. இரட்டைக் கேபிள் வண்டிகளில் திறக்கும் கேபிளும் மூடும் கேபிளும் இடம் மாறிவிடாதபடி அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று பழுதானால் அதே வயதுடைய மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

சுவிட்ச் பெட்டியை மூடும்போது, அதன் உள்ளிருக்கும் சிறு முளை ஹேண்டில்பாரிலுள்ள துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காராத பெட்டி சுழன்று கேபிளை இழுக்கும், அல்லது இறுக்கும்போது உடைந்துவிடும்.

கார்புரேட்டரில் ஸ்லைடு சிக்குகிறது. எப்படிச் சரிசெய்வது?

பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி, ஸ்லைடையும் ஸ்பிரிங்கையும் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். ஸ்லைடின் நடுவே தொங்கும் ஊசி மிக மெல்லியது. அது எங்கேயும் இடித்து வளையக் கூடாது. ஸ்லைடையும் அது ஓடும் துளையையும் கார்புரேட்டர் கிளீனரால் கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த மஞ்சள் நிறப் பிசின்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஸ்லைடின் மீது நீளவாக்கில் ஆழமான கீறல்கள் இருந்தாலோ, மேற்பூச்சு உரிந்திருந்தாலோ, கழுவுவதால் மட்டும் பயன் இராது.

திரும்பப் போடும்போது இரண்டு விஷயங்களில் தவறு நேர்கிறது. ஸ்லைடின் பக்கவாட்டுப் பள்ளம் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முளையோடு பொருந்த வேண்டும். ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு இன்ஜினை இயக்கினால், முழுவதும் இறங்காத ஸ்லைடின் காரணமாக வண்டி முதல் உதையிலேயே உச்ச வேகத்துக்குப் போய்விடும். அதனால் மூடியை இறுக்கியதும் பிடியைத் திருகி விட்டு, ஸ்லைடு அடியில் மோதும் ஓசை கேட்கிறதா என்று உறுதி செய்த பின்னரே இன்ஜினைத் தொட வேண்டும்.

கழுவியும் சிக்கினால், கார்புரேட்டரை இன்ஜினோடு பிணைக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் ஸ்லைடு தாராளமாக ஓடினால், அளவுக்கு மேல் இறுக்கியதால் கார்புரேட்டரின் மென்மையான உடல் கோணிப்போயிருக்கிறது. நட்டுகளை இருபுறமும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, உரிய அளவுக்கே இறுக்க வேண்டும்.

நிற்கும்போது நன்றாக இருக்கிறது, ஓடும்போதுதான் சிக்குகிறது. இது எப்படி?

ஸ்லைடு நேரடியாகத் தூக்கப்படும் கார்புரேட்டரில் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. அதிக வேகத்தில் ஆக்சிலேட்டரை மூடும்போது இன்ஜின் பக்கம் வலுவான உறிஞ்சல் உண்டாகி, ஸ்லைடைத் துளையின் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. தேய்ந்துபோன ஸ்லைடு அந்த அழுத்தத்தில் சாய்ந்து பிடித்துக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் போய் ஸ்லைடும் விடுபடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். சூடேறும்போது விரிந்து இறுகும் பிளாஸ்டிக் குழலும், ரப்பர் தாங்கிகளில் இன்ஜின் அசையும்போது இழுபடும் கேபிளும் இதே மாதிரி ஒளிந்து விளையாடும். ஆகவே இத்தகைய வண்டியைச் சூடாக இருக்கும்போதும் சோதிக்க வேண்டும்.

ஈரப்பதம் மிக்க குளிரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை குளிர்ந்து, வெளியே உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும்போதுகூட உள்ளே பனி படிந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்திச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் பனி உருகி, தடயமே இருக்காது.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்யலாமா?

பிடியைத் திருகத் தொடங்கும் அந்த முதல் நூலளவில் மட்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென விடுபட்டு வண்டி குதித்தால், பட்டர்ஃபிளை வால்வின் விளிம்பில் கறை படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியே வரும் எண்ணெய் ஆவி அங்கே கருவளையமாகப் படிகிறது. இன்ஜின் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் கறை சீக்கிரமே சேரும். சாவியை அணைத்த நிலையில், திராட்டில் பாடிக்கென உள்ள கிளீனரைத் துணியில் நனைத்து விளிம்பைத் துடைக்க வேண்டும். நேராகப் பீய்ச்சினால் திரவம், வால்வின் திறப்பை அளக்க அதன் பக்கத்தில் உள்ள திராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் போய்விடும். சில திராட்டில் பாடிகளில் வால்வின் விளிம்பைச் சுற்றி மாலிப்டினம் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஐடிலே கெட்டுவிடும்; ஆகவே கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளீனரை எடுங்கள். பெயின்ட் புள்ளி வைத்து முத்திரையிடப்பட்ட நிறுத்தத் திருகையும், வால்வுத் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு ஸ்குரூக்களையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அந்த ஸ்குரூக்களில் ஒன்று கழன்றால் அது போய்ச் சேரும் இடம் இன்ஜினின் உள்ளே.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிட்டால் வலுவாகாதா?

ஆகாது. இழுக்கப்பட்ட ஸ்பிரிங் அதன் இயல்பை இழந்து, பிறகு முன்னைவிட வேகமாகத் தளரும். ஸ்பிரிங் உடைந்தோ கொக்கியிலிருந்து கழன்றோ இருந்தால் அதே அளவுள்ள புதியதைப் போடுங்கள். உராய்வைப் போக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் வலுவாக்குவது கோளாறை மூடிவைக்கும் வேலை.

கேபிளின் நடுவில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டுமா?

வேண்டும். ஆயில் பம்ப் கொண்ட பல இரு ஸ்ட்ரோக் வண்டிகளில் பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் அந்தப் பெட்டிக்குள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று ஆயில் பம்புக்கும் போகும். பெட்டிக்குள் நகரும் சிறு துண்டு அழுக்கேறிச் சிக்கும். இங்கே எதைச் சரிசெய்தாலும், பம்பின் கப்பியிலுள்ள குறி உரிய இடத்துக்கு வருகிறதா என்று கடைசியில் பார்த்தாக வேண்டும். பம்ப் கேபிள் தொய்ந்துவிட்டால் இன்ஜினுக்கு எண்ணெய் குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும்.

மின்னணு ஆக்சிலேட்டர் உள்ள வண்டியில் நாமே என்ன செய்யலாம்?

இவற்றில் பிடியின் அசைவை உணரிகள் அளந்து கணினிக்குச் சொல்ல, வால்வை ஒரு மோட்டார் திறந்து மூடுகிறது. 2006ஆம் ஆண்டு யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்6 இந்த முறையோடு வந்தபோதும் பிடியிலிருந்து உணரி வரை கேபிள்கள் இருந்தன. பின்னர் வந்த பல வண்டிகளில் அவையும் இல்லை. பிடி சுழல்வதில் தடை இருந்தால், எடைக்கட்டை, ரப்பர் பிடி, அழுக்கு என்று மேலே சொன்னவற்றைப் பார்க்கலாம். அதற்கு அப்பால் உள்ளவை, குறிப்பாக எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி உள்ள மெக்கானிக்கின் வேலை.

வேலை முடிந்தபின் எப்படிச் சோதிப்பது?

இன்ஜின் அணைந்திருக்கும்போது, ஹேண்டில் நேராகவும் இரு கோடிகளிலும் இருக்க, பிடியைக் கால், அரை, முழு அளவுகளில் திருகி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அது தானாக மூட வேண்டும். பின்னர் வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, ஏனெனில் மூடிய அறையில் புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும், நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ஐடில் ஓசை சிறிதும் ஏறக் கூடாது. கில் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் சிறிது தூரம் ஓட்டி, வண்டி நன்றாகச் சூடேறிய பின் அதே சோதனைகளை மறுபடியும் செய்யுங்கள். புதிய கேபிள் போட்டிருந்தால் உறை தன் இடத்தில் அமர்ந்து தளர்வு மாறக்கூடும் என்பதால், முதல் சில நாட்கள் ஓட்டிய பிறகு தளர்வை மீண்டும் அளந்து, லாக் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.